கொழும்பில் பழைய கார் வாங்குமுன் நியாய விலையைக் கணக்கிடுவது எப்படி?

பழைய கார் விற்பவர் தன் விலைக்கு வழக்கமாக மூன்று காரணம் சொல்வார். திருத்தவே இவ்வளவு முடிந்தது, இதே மாதிரிக் கார் போன மாதம் இவ்வளவுக்குப் போனது, லண்டனில் இதற்கு இத்தனை பவுண். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் முன்னால் நிற்கும் அந்தக் காரின் விலையை அவற்றில் எதுவும் சொல்லாது. அதைச் சொல்வது காரின் அடித்தகடும் புத்தகமும் (பதிவுச் சான்றிதழ்)தான். பெயின்ட், குரோம், சீட் கவர் எல்லாவற்றையும் காசு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உக்கிப்போன அடிப்பாகத்தையும் சிக்கல் விழுந்த புத்தகத்தையும் நேராக்க எவ்வளவு போகும் என்று தொடங்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

இந்த வழிகாட்டியில் மோரிஸ் மைனரை உதாரணமாக எடுத்திருக்கிறோம். கொழும்பில் பழைய கார் தேடுபவர் கண்ணில் அதிகம் படுவது அதுதான், ஒப்பிட்டுப் பார்க்க விளம்பரங்களும் போதுமானவை. பீட்டில், மினி, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் என்று எதை வாங்கினாலும் கணக்கு இதே கணக்குத்தான். பார்க்கும் இடங்கள் மட்டும் மாறும்.

இங்கிலாந்து விலை ஏன் உதவாது

இலங்கைக்குள் பாவித்த கார் கொண்டுவர வயது எல்லை உண்டு. ஐம்பது வருடப் பழைய கார் சாதாரண வழியில் உள்ளே வராது. ஆகவே இங்கே இருக்கும் மைனர்கள்தான் மைனர்கள், அந்த எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஓடக்கூடிய எல்லாக் கார்களும் விலை ஏறின, பழையவையும் கூடவே ஏறின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. அதனால் 2021, 2022 விளம்பர விலையை யாராவது ஆதாரமாகக் காட்டினால் அதை ஒதுக்கிவையுங்கள்.

ரூபாயையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச்சில் டொலர் ஒன்று 200 ரூபாய் அளவில் இருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து எடுத்த உதிரிப்பாகத்தின் பில்லில் உள்ள தொகைக்கு இன்று அதே சாமான் கிடைக்காது. பில்லை வாங்கிப் பாருங்கள். ஆனால் என்ன சாமான், எந்தத் திகதி, எந்தக் கராஜ் என்பதற்காகப் பாருங்கள். தொகையைக் கூட்டி விலையாக்க வேண்டாம்.

படி 1: எந்தக் கார் என்று நிச்சயப்படுத்துங்கள்

"மைனர்" என்ற ஒரு பெயருக்குள் நான்கு வகைக் கார்கள் இருக்கின்றன. 1948இல் வந்த முதல் வகை எம்எம், 918 சிசி சைட் வால்வ் என்ஜின். 1952இலிருந்து சீரிஸ் 2, அதில் 803 சிசி. 1956இல் மைனர் 1000 வந்தபோது நடுவில் பிரிந்திருந்த முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியானது, என்ஜின் 948 சிசி ஆனது. 1962இலிருந்து 1098 சிசி. ஓட்டுவதற்கு வாங்குபவருக்குக் கடைசி வகைதான் உகந்தது. முன் பிரேக் டிரம் 8 அங்குலம், இன்றைய போக்குவரத்தோடு ஓடவும் ஓரளவு இழுவை உண்டு. சேகரிப்பவர் தேடுவது பிரிந்த கண்ணாடிக்காரை. இருவருக்கும் ஒரே விலைப்பட்டியல் பொருந்தாது.

பானெட்டைத் திறந்து பல்க்ஹெட்டில் (என்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையிலான தடுப்பில்) உள்ள சேசிஸ் தகட்டைப் படியுங்கள். மைனர் 1000இன் பிற்காலத் தகடுகளில் எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருக்கும். எம் என்றால் மோரிஸ், ஏ என்றால் ஏ சீரிஸ் என்ஜின். அதன் பிறகு வருவது உடல். 2எஸ் இரண்டு கதவு, வெறும் எஸ் நான்கு கதவு, டி கூரை மடியும் டூரர், டபிள்யூ மரச்சட்டம் போட்ட டிராவலர். அடுத்த இலக்கம் 3 என்றால் 948 காலத்துக் கார், 5 என்றால் 1098. இந்த ஒரு வரியை வாசிக்கத் தெரிந்தாலே பெரிய ஏமாற்று ஒன்றிலிருந்து தப்பலாம். கூரை திறக்கும் மைனருக்கு விலை அதிகம் என்பதால் சாதாரணக் காரின் கூரையை வெட்டி ஹூட் (மடக்கும் துணிக்கூரை) போட்டவையும் சந்தையில் உண்டு. ஹூட் இருந்தும் தகட்டில் 2எஸ் என்று இருந்தால் அது வெட்டிய கார். தொழிற்சாலையில் செய்த டூரருக்கு உள் சில்லிலும் (சில் என்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, சக்கரம் அல்ல) டாஷ்போர்டுக்கு அடியிலும் மேலதிக வலுத்தகடுகள் உண்டு. வெட்டியதில் அவை இல்லாவிட்டால் உடலே வளையும். அதற்கு டூரர் விலை கொடுக்கவே கூடாது. ஒழுங்கான சலூன் விலையும் அதற்கு அதிகம்தான்.

தகட்டின் ரிவெட் புதிதா என்றும் பாருங்கள். சுற்றிலும் அறுபது வருட அழுக்கு இருக்க, ரிவெட் மட்டும் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள்.

என்ஜின் எண் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே, பிளாக்கில் பொருத்திய தகட்டில் இருக்கும். 1098 மைனர் என்ஜின் எண் 10எம்ஏ என்று தொடங்கும். அங்கே டட்சன் 1200இன் ஏ12 என்ஜின் உட்கார்ந்திருப்பதும் இங்கே சாதாரணம். அது கெட்ட வேலை இல்லை. நன்றாகச் செய்திருந்தால் ஓட்ட மிக நல்ல கார். ஆனால் அதற்கு வேறு வாங்குபவர், வேறு விலை. அசல் கார்களின் விலையோடு அதை ஒப்பிடக்கூடாது, எண் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய சிஎல், சிஎன், இஎல், இஎன், இஒய் போன்ற இலக்கங்களுக்கும் ஆரம்ப 1 ஸ்ரீ இலக்கங்களுக்கும் தனி மதிப்பு வைப்பவர்கள் இருக்கிறார்கள். இலக்கம் காட்டுவது கார் இங்கே பதிவான காலத்தை. செய்த ஆண்டு வேறாக இருக்கலாம், அதைச் சேசிஸ் எண்ணிலிருந்து பாருங்கள்.

படி 2: சந்தை விலையைச் சேகரியுங்கள்

இக்மன், ரியசெவன போன்ற விளம்பர இணையத்தளங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள், பழைய கார் சங்கங்களின் முகநூல் குழுக்கள் எல்லாவற்றிலும் தேடி, அதே வகைக் கார்கள் பத்துப் பன்னிரண்டையாவது ஒரு கொப்பியில் எழுதுங்கள். விளம்பரத் திகதி, கேட்ட விலை, ஊர், என்ஜின் அசலா மாற்றியதா, புத்தகம் யார் பெயரில், படத்தில் தெரிந்த குறைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பின்பு ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி, "கடைசி விலை என்ன, ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். நேரில் பார்க்காமலே எவ்வளவு இறங்குகிறார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

மூன்று நான்கு கிழமை கழித்துப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். போன கார்கள் எந்த விலைக்கு அருகே இருந்தவை, இன்னும் கிடப்பவை எந்த விலையில் கிடக்கின்றன? கிடப்பவற்றின் விலைக்கு யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம். அந்த விலைகளைச் சராசரியில் சேர்த்தால் கணக்கே பிழைத்துவிடும். போன கார்களின் விலைகளை மட்டும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் வரும் விலையை எடுங்கள். சராசரி வேண்டாம், ஏனென்றால் ஒருவர் ஆசைக்குப் போட்ட விலை சராசரியை இழுத்துவிடும். நடுவிலையிலிருந்து போனில் இறங்கிய அளவைக் கழித்தால் நல்ல நிலையில் ஓடும் கார் ஒன்றின் உண்மையான விலைக்கு அருகே வந்துவிடுவீர்கள்.

இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. பட்டியலில் உள்ள கார்கள் ஒரே நிலையில் உள்ளவையாக இருக்க வேண்டும். நான்கு நிலையாகப் பிரிப்பது வசதி. கண்காட்சிக்கு வைக்கக்கூடியது முதல் நிலை. குறையில்லாமல் தினமும் ஓட்டக்கூடியது இரண்டாவது. ஓடும், ஆனால் வேலை இருக்கிறது என்பது மூன்றாவது. ஓடாமல் கிடப்பது நான்காவது. கணக்கை எப்போதும் இரண்டாவது நிலையின் விலையிலிருந்து தொடங்குங்கள்.

இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் வாகன மதிப்பீடு செய்து அறிக்கை தருகிறது. காப்புறுதிக்கும் வங்கிக்கும் அது நல்ல ஆவணம். ஆனால் மதிப்பீட்டாளர் சில்லைச் சுரண்டிப் பார்க்க மாட்டார். அறிக்கையை இரண்டாவது கருத்தாக வைத்துக்கொண்டு அடிப்பாகத்தை நீங்களே பாருங்கள்.

படி 3: உடல் தகட்டைப் பாருங்கள். நேரத்தில் பாதி இதற்கே

கொண்டுபோக வேண்டியவை: மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், நல்ல டோர்ச், இரண்டு தொன் ஜாக், ஒரு சோடி ஸ்டாண்ட், கம்ப்ரஷன் கேஜ், விரிக்க ஒரு பழைய சாக்கு. வெயில் நேரத்தில் போங்கள். மழையில் நனைந்த பெயின்ட் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

முதலில் கேட்க வேண்டியது கார் எங்கே நின்றது என்பது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கடற்கரைப் பக்கம் கூரையில்லாமல் நின்ற காரில் உப்புக்காற்று மேலிருந்து தின்றிருக்கும்: கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, கூரை ஓரக் கால்வாய், கதவின் மேல்மடிப்பு. கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நின்றிருந்தால் 2016 மே வெள்ளத்தின்போது எங்கே நின்றது என்று கேட்டே ஆகவேண்டும். வெள்ளம் புகுந்த காரை எவ்வளவு கழுவினாலும் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் களிமண் தங்கிவிடும். பின் இருக்கையைக் கழற்றி மூலைகளில் விரலை விட்டுப் பாருங்கள். முன்விளக்குக் கிண்ணத்துக்குள்ளும் பாருங்கள். மாவு போன்ற காய்ந்த சேறு விரலில் ஒட்டினால் காருக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது.

இப்போது காந்தம். முன் மட்கார்ட்டின் பின்கீழ் மூலை, கதவின் அடிவிளிம்பு, பின் சக்கர வளைவு, சில்லின் வெளிப்பக்கம் என்ற வரிசையில் மெதுவாக இழுங்கள். தகட்டில் காந்தம் கையை இழுக்கும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடிப்பாகப் பூசிய இடத்தில் பிடி தளரும், அதைவிடத் தடிப்பென்றால் விழுந்தேவிடும். நகத்தளவு இடத்தில் தளர்ந்தால் பழைய நெளிவு, பெரிய விஷயமில்லை. ஒரு சாண் நீளத்துக்குத் தளர்ந்தால் உள்ளே தகடே இல்லாமலும் இருக்கலாம்.

மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, உடலே தாங்குகிறது. ஆகையால் விலையைத் தீர்மானிக்கும் இடங்கள் எல்லாம் கீழே இருக்கின்றன. சில் என்பது ஒரே தகடல்ல. வெளித்தகடு, உள்தகடு, இரண்டையும் மூடும் அடித்தகடு என்று மூன்று சேர்ந்த பெட்டி அது. வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டிப் பெயின்ட் அடித்தால் மேலிருந்து பார்ப்பவருக்குப் புதுக்கார். கீழே படுத்துப் பார்த்தால் உள்ளே உக்கியது அப்படியே இருக்கும். முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ்மெம்பரின் இரண்டு நுனிகள், ஜாக் வைக்கும் இடங்கள், முன் சேசிஸ் கால்கள் (உடலோடு சேர்ந்த நீளப் பெட்டிச் சட்டங்கள்), பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், இவை ஒவ்வொன்றையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். நல்ல தகடு டக் என்று சொல்லும். உக்கிய தகடு நமநமக்கும், அல்லது ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போய்விடும். தடிப்பாகக் கறுப்பு அண்டர்சீல் (அடிப்பாகப் பூச்சு) புதிதாக அடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த இடம் உக்கியது என்றே கணக்கில் எழுதுங்கள்.

ஜாக்கைக் காரின் ஒரு பக்கத்து ஜாக்கிங் பொயின்டில் வைத்துச் சக்கரம் நிலத்தைவிட்டுக் கிளம்பும்வரை தூக்குங்கள். தூக்கும்போது நெறுநெறு சத்தமும் துருத்தூளும் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தூக்கியபின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு சரியாக மூடிய கதவு இப்போது பிடித்தால், கதவுக்கும் தூணுக்கும் இடையிலான இடைவெளி மேலே ஒடுங்கினால், உடலின் பலம் போய்விட்டது. பொய் டூரர்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். இரண்டு பக்கமும் செய்யுங்கள். அடியில் படுப்பதென்றால் ஸ்டாண்ட் போட்டபின்தான், ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்கக்கூடாது.

டிராவலர் என்றால் மரத்தையும் அப்படியே குத்திப் பாருங்கள். அந்த ஆஷ் மரச்சட்டம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல, பின்னுடலைத் தாங்குவதே அதுதான். வார்னிஷுக்கு அடியில் கறுத்துப் பஞ்சுபோல் இருந்தால் மரவேலையைத் தனிச்செலவாகப் போட வேண்டும்.

உக்கிய இடத்தை ஒரு டிங்கர் பாஸிடம் (தகட்டு வேலை செய்பவரிடம்) படம் காட்டி விலை கேட்காதீர்கள். கூடவே அவரைக் கூட்டிப் போங்கள். அவருடைய ஒரு நாள் கூலி இந்தக் காரியத்தில் நீங்கள் செய்யும் மிகப் பெறுமதியான செலவு.

படி 4: ஓடும் பாகங்கள்

தகட்டோடு ஒப்பிட்டால் இவை மலிவு. ஏ சீரிஸ் என்ஜினுக்கு உதிரிப்பாகம் இன்னும் புதிதாகச் செய்யப்படுகிறது. பஞ்சிகாவத்தையில் தேடினால் பழையதும் கிடைக்கும்.

நீங்கள் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதலே சொல்லிவையுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஸ்டார்ட் எடுப்பதில் உள்ள சிக்கலை மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் நீலப்புகை வந்து நின்றால் வால்வ் பக்கம். வேகமெடுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். சூடான பின் நான்கு பிளக்கையும் கழற்றி, அக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கேஜால் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) எடுங்கள். 150 பிஎஸ்ஐ அளவில் நான்கும் சமமாக இருந்தால் மகிழ்ச்சி. ஒன்றுக்கொன்று 10 முதல் 15 வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கஸ்கெட். இரண்டின் செலவும் வேறு வேறு என்பதால்தான் இந்தச் சோதனை.

எண்ணெய் அழுத்த மானி இருந்தால், சூடான என்ஜினில் ஓடும்போது 60 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 15 அளவு எதிர்பார்க்கலாம். ஓட்டும்போது இரண்டாம், மூன்றாம் கியரில் வேகமெடுத்துக் காலை எடுங்கள். கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பெட்டி இறக்க வேண்டும். முதலாம் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போது கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் பாகம்) இல்லை, ஆகவே ஓடும்போது அதில் கிறீச்சிட்டால் அது பழுதல்ல. நெரிசல் நேரத்தில் காலி வீதியில் (கோல் ரோட்டில்) இருபது நிமிடம் ஊர்ந்து பாருங்கள். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

மைனரில் உயிருக்கு ஆபத்தான முக்கிய இடம் முன்சக்கரத்தின் கீழ் டிரனியன். சுழலும் மரை போன்ற பாகம் அது, 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் கழன்று சக்கரம் உள்ளே மடிந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் டிரனியன் அல்லது புஷ். கிரீஸ் நிப்பிளில் பெயின்ட் மூடிக் கிடந்தால் எத்தனை வருடம் கிரீஸ் போகவில்லை என்று யோசியுங்கள்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சேசிஸ் காலுக்குள் இருக்கிறது. போல்டைக் கழற்ற டோர்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குத் தண்டு) இடைஞ்சல் செய்யும். சாமான் விலை சிறிது, கூலி பெரிது. வயரிங்கும் அப்படித்தான். இந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பொசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். பிற்காலத்தில் ஒல்டர்னேட்டர் போட்டு நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருப்பார்கள். மாற்றியது சரிதான், ஆனால் ஒரே நிற வயர் எல்லா இடமும் ஓடினால், இணைப்புகள் டேப்பால் சுற்றியிருந்தால், முழு ஹார்னஸின் (வயர்த் தொகுதியின்) செலவைக் கணக்கில் போடுங்கள்.

பீட்டில் பார்ப்பவர்கள் மூன்று இடம் பாருங்கள். பின் இருக்கைக்குக் கீழே பேட்டரி இருக்கும் தரை, கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சனல், என்ஜினின் கிராங்க் புல்லி. என்ஜினை நிறுத்தி, புல்லியை இரு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். அந்த அசைவுக்குத் தேய்மான எல்லை 0.15 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரிந்து டக் என்று கேட்டால் என்ஜினைப் பிரித்துக் கேஸை மெஷின் செய்ய வேண்டும். மினியில் முன் பின் சப்ஃபிரேம்களையும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) முன்கதவுக்கு முன்னால் உள்ள தகட்டையும் பாருங்கள்.

படி 5: புத்தகம்

கார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் புத்தகம் சரியில்லாவிட்டால் விலை பாதியாக வேண்டும், அல்லது நீங்கள் எழும்பி வரவேண்டும். மூலப் புத்தகத்தைக் கையில் வாங்கி, சேசிஸ் எண், என்ஜின் எண், நிறம், முதற்பதிவுத் திகதி நான்கையும் காரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய புத்தகங்களில் கையால் எழுதிய 3உம் 5உம், 1உம் 7உம் மாறிப்போவது உண்டு. அதைத் திருத்த மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எத்தனை நடை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாரஹேன்பிட்டையில் உள்ள திணைக்கள அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாகனத்தின் பதிவு விபரத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். விற்பவர் காட்டும் போட்டோகொப்பி போதாது.

கொழும்பில் பழைய கார்கள் பெரும்பாலும் ஓபன் பேப்பரில் கைமாறுகின்றன. பதிவு உரிமையாளர் எப்போதோ கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றப் படிவம், வாங்குபவர் பெயர் இல்லாமல், மூன்று நான்கு பேர் கைக்குப் போயிருக்கும். அந்த உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, வெளிநாட்டிலா, கையெழுத்து பொருந்துமா? அவர் இறந்திருந்தால் வாரிசுகளின் ஆவணம் இல்லாமல் கார் உங்கள் பெயருக்கு வராது. பதிவு உரிமையாளரோடு ஒருமுறை போனிலாவது பேசாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்த கடிதமும் பெயர் நீக்கிய பதிவும் வேண்டும். பல வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்காத காருக்கு நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: கணக்கு

கீழே உள்ள தொகைகள் முறையைக் காட்டுவதற்கான உதாரணம் மட்டுமே. நீங்கள் சேகரித்த விலைகளையும் உங்கள் பாஸ் சொன்ன கூலியையும் அந்த இடங்களில் போடுங்கள்.

1098 சிசி, இரண்டு கதவு, அசல் என்ஜின். விற்பவர் கேட்பது 13.5 இலட்சம். இரண்டாம் நிலைக் கார்களின் நடுவிலை 19 இலட்சம். போனில் 8 வீதம் அளவில் இறங்கினார்கள், ஆகவே 17.5 இலட்சம்.

- இரண்டு சில்லும் கிராஸ்மெம்பர் நுனிகளும் டிங்கரிங்: 1.8 இலட்சம்
- கீழ்ப்பாதி பெயின்ட்: 1.2 இலட்சம்
- முன் டிரனியன், புஷ், கிங்பின்: 60,000
- பிரேக் முழுவதும்: 50,000
- டயர் நான்கு: 60,000
- பெயர் மாற்றம், அனுமதிப்பத்திர நிலுவை: 30,000

மொத்தம் 5 இலட்சம். இங்கேதான் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள், இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. தகட்டு வேலையை வெட்டித் திறந்தால் அளந்ததைவிட அதிகமாக உக்கியிருக்கும், ஏனென்றால் துரு இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் தொடங்கி வெளியே வருகிறது. வெளியே தெரிவது கடைசியில் வந்த பகுதிதான். ஆகவே டிங்கரிங், பெயின்ட் இரண்டுக்கும் 40 வீதம் கூட்டுங்கள்: 1.2 இலட்சம். போல்ட் கழற்றி மாற்றும் வேலைகளுக்கு 15 வீதம் போதும்: ஏறத்தாழ 26,000. எல்லாம் சேர்த்து 6.46 இலட்சம்.

17.5இல் 6.46 போனால் 11 இலட்சம் சொச்சம். உங்கள் உச்ச விலை 11. கேட்கத் தொடங்குவது 9.75 அளவில்.

இந்தக் கணக்கில் உங்கள் நேரத்துக்கும் கார் கராஜில் நிற்கும் மாதங்களுக்கும் காசு போடவில்லை. அதைப் போட்டால் இன்னும் குறையும். ஒரு உண்மையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: மூன்றாம் நிலைக் கார்களைச் சந்தை வழமையாக இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடத்தான் விற்கிறது, ஆசையில் வாங்குபவர்கள் இருப்பதால். அதனால்தான் இரண்டாம் நிலைக் காருக்கு முழு விலை கொடுப்பது பெரும்பாலும் மலிவாக முடிகிறது. கணக்கில் வந்ததைவிட 50,000 கூடப் போக மனம் வந்தால் அது அந்தக் காரின் மேல் உள்ள விருப்பத்துக்கான காசு என்று தெரிந்தே கொடுங்கள். இரண்டு இலட்சம் கூடப் போகச் சொன்னால் வேறு கார் பாருங்கள்.

திருத்த பில்கள் ஒழுங்காக இருந்தால் என்ன கூட்டலாம்? வேலை நடக்கும்போது எடுத்த படங்களில் வெட்டித் திறந்த சில்லும் உள்ளே போட்ட புதுத் தகடும் தெரிந்தால், அந்தப் பகுதிக்கான 40 வீதத்தை நீக்கிவிடலாம். பெயின்ட் அடித்தபின் எடுத்த படத்துக்கு எதுவும் கூட்டத் தேவையில்லை.

படி 7: பேசுவதும் கொடுப்பதும்

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் வயதானவர்கள், தகப்பனாரின் காரை இத்தனை வருடம் பேணியவர்கள். காரைக் குறைத்துப் பேசி விலை இறக்கப் பார்த்தால் மனம் முறிந்து கதவைச் சாத்திவிடுவார்கள். பார்த்த குறைகளை ஒரு தாளில் செலவோடு எழுதிக் கொடுத்து, "ஐயா, இந்த வேலைகளைச் செய்தால் கார் இன்னும் முப்பது வருடம் ஓடும், அதற்கு இவ்வளவு போகும், அதனால் என்னால் இவ்வளவுதான் தர முடியும்" என்று சொல்லுங்கள். தாளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் முழு விலை தராவிட்டால் உங்களைத்தான் கூப்பிடுவார். தரகர் இடையில் இருந்தால் தரகு யார் கொடுப்பது என்பதை விலை பேசுமுன்பே தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் அது உங்கள் தலையில் ஏறும்.

முற்பணம் சிறிதாக இருக்கட்டும். பற்றுச்சீட்டில் இலக்கம், சேசிஸ் எண், என்ஜின் எண், ஒத்துக்கொண்ட முழு விலை, மீதி கொடுக்கும் திகதி, பதிவு விபரம் பொருந்தாவிட்டால் முற்பணம் திருப்பித் தரப்படும் என்ற வரி, இருவரின் அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். மீதியை வங்கி மூலம் கொடுங்கள். காசைக் கொடுக்கும் நாளில் மூலப் புத்தகம், கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவங்கள், பதிவு உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி, கடைசி அனுமதிப்பத்திரம், இரண்டு சாவி ஆகியவற்றைக் கையில் வாங்கியபின்தான் காரை எடுங்கள். அன்றே காப்புறுதியை உங்கள் கணக்கில் வந்த பெறுமதிக்கு எழுதுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று பாதிப் பெறுமதிக்கு எழுதினால், சிறு விபத்துக்கும் நட்டத்தில் பாதிதான் கைக்கு வரும். வீட்டுக்குப் போகும் வழியில் முதல் வேலையாக ஒரு சேர்விஸ் நிலையத்தில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டின் நிப்பிள்களுக்கும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிவரும்வரை புதுக் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள்.